வேளச்சேரிக்குள் ஊர் இன்னும் இருக்கிறதா?

கேள்வி – 1 ஜூலை 2024

விஜயநகர் பக்கம் சில வருடங்களாகக் குடியிருக்கிறேன். "இது கிராமமாக இருந்த இடம்" என்று பழைய ஆட்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பறக்கும் ரயில், நூறடிச் சாலை, மேம்பாலம், பெரிய மால், ஐ.டி. பிள்ளைகள் தங்கும் விடுதிகள். இதில் கிராமம் எங்கே? ஆடி மாதம் ஒலிபெருக்கி கட்டினால் கிராமம் ஆகிவிடுமா? ஊர் செத்து ரொம்ப நாளாகிறது, பெயர்தான் மிச்சம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2 ஜூலை

சாகவில்லை. நான் இந்த ஊர்க்காரன். நில அளவைதான் தொழில். ஆலந்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை செயின் பிடித்து அளந்திருக்கிறேன்.

நூறடிச் சாலையில் நின்று தேடினால் ஊர் கண்ணில் படாது. தண்டீஸ்வரர் கோயிலைச் சுற்றி நடங்கள், அப்படியே செல்லியம்மன் கோயில் பக்கம் வாருங்கள். தெரு வளையும். ஓரிடத்தில் அகலும், அடுத்த வீட்டுக்கு முன்னால் குறுகும். ஒரு சந்து எங்கேயோ போவதுபோலப் போய் இன்னொரு வீட்டுக் கொல்லையில் முடியும். அதுதான் நத்தம், ஊரின் பழைய குடியிருப்பு நிலம். அங்கே வீடு முதலில் வந்தது, வீட்டுக்கு வீடு நடந்த தடம் பிறகு தெருவானது. வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் முனை அகலமாயிற்று. நீங்கள் இருக்கும் மனைப்பிரிவில் முதலில் தெருவைக் கோடு போட்டார்கள், பிறகு மனை விற்றார்கள். இரண்டையும் காலால் நடந்தே பிரித்துச் சொல்லிவிடலாம், வரைபடம் வேண்டாம்.

இந்த ஊர் நேற்று முளைத்ததில்லை. சோழர் கல்வெட்டில் தினசிந்தாமணிச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரோடு இருக்கிறது. எமன் இழந்த தண்டத்தைத் திரும்பப் பெற்ற தலம் என்று கோயில் கதை. பள்ளிக்கூட நாளில் அந்தக் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்துதான் பாடம் படித்தோம்.

3 ஜூலை

இன்னொன்று. உங்கள் ஃபிளாட் பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரத்தைப் பாருங்கள். மாவட்டம், வட்டம், அதற்கடுத்து "வேளச்சேரி கிராமம், சர்வே எண்" என்றுதான் எழுதியிருக்கும். பத்தாவது மாடியில் குடியிருந்தாலும் பத்திரப்படி கிராமத்தில்தான் இருக்கிறீர்கள்.

6 ஜூலை

"அது வெறும் ரெக்கார்டு, அதில் உயிர் என்ன இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய பத்திரம் ஒன்றை வாசித்துப் பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

இன்றைய பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது வடக்கே மனை எண் 14, தெற்கே 20 அடி ரோடு என்பார்கள். என் அப்பா காலத்துப் பத்திரங்களில் வடக்கே வாய்க்கால், கிழக்கே ஏரிக்கரை, தெற்கே இன்னாரின் களத்துமேடு, மேற்கே வண்டிப்பாதை. ஒரு நிலத்தைச் சொல்லத் தண்ணீரையும் பாதையையும் பக்கத்து ஆளையும் சேர்த்துத்தான் சொல்ல முடிந்தது. அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு நான் இடம் பார்க்கப் போயிருக்கிறேன். வாய்க்கால் இருந்த இடத்தில் தெரு, அதன் மேல் கான்கிரீட். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் அந்தத் தெருவில்தான் முதலில் ஏறும். பத்திரம் எழுதினவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

புலப்படம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக வரைந்தது. பழையவற்றில் அளவு லிங்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு செயின், 66 அடி. அதோடு கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைச் சேர்த்து வைத்து வாசித்தால் எது நன்செய், எது புன்செய், எது நத்தம், எது புறம்போக்கு என்று ஊர் முழுக்க விரியும். புறம்போக்கிலும் வகை உண்டு: ஏரி, வாய்க்கால், மாடு மேயும் மேய்க்கால், களம், சுடுகாடு, வண்டிப்பாதை. யாருக்கும் தனிச்சொத்தாக இல்லாமல் எல்லோரும் புழங்கிய நிலம் எவ்வளவு என்பதை அந்தப் பதிவேடு ஒன்றுதான் ஒழுங்காகச் சொல்லும்.

9 ஜூலை

முதல் குறிப்பில் தெருவைச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் தெரு பாதிதான். ஊரை ஊராக வைத்தது ஏரி.

"ஏரி இருக்கிறதே, கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்களே" என்று கீழே ஒரு பதில் வந்திருக்கிறது. இருக்கிறது, 55 ஏக்கர். ஒரு காலத்தில் 265 ஏக்கர் என்பது கணக்கு. மீதி எங்கே என்று கேட்டால் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, சாலை, தனியார் கட்டடம், குடிசை என்று எல்லோரும் அதன் மேல்தான் நிற்கிறோம்.

பரப்பைக்கூட விடுங்கள். ஏரி என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் இல்லை. வரத்துக் கால்வாய் ஒரு பக்கம், நடுவில் கரை, கரையில் மதகு, மதகுக்குக் கீழே தண்ணீர் பாயும் வயலான ஆயக்கட்டு, ஓரத்தில் நிரம்பினால் வழியும் கலங்கல், கலங்கலைத் தாண்டினால் உபரிநீர் போகிற வழி. இத்தனையும் சேர்ந்தால்தான் ஏரி. இப்போது வரத்துக் கால்வாயில் வருவது கழிவுநீர். மதகு திறக்க வயல் இல்லை. கலங்கல் வழிந்தால் அது செய்தி. நடுவில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைச் சுற்றி நடைபாதை போட்டது நல்ல காரியம்தான், நானும் நடக்கிறேன். அதை ஏரி காப்பாற்றப்பட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உபரிநீர் கதை இன்னும் முக்கியம். எங்கள் ஏரி, ஆதம்பாக்கம் ஏரி, மடிப்பாக்கம், நாராயணபுரம் எல்லாமே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் இறங்கும். ஆதம்பாக்கத்திலிருந்து வீராங்கல் ஓடை அங்கேதான் போகிறது. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்காம் கால்வாய், பிறகு தெற்கே கோவளம் கழிமுகம் வழியாகக் கடல். ஒரு கிராமத்தின் ஏரி நிரம்பினால் அடுத்த கிராமத்துக்குத் தெரியும், தெரிந்தாக வேண்டும். பக்கத்து ஊர்க்காரனோடு சண்டை போட்டதும் சம்பந்தம் பண்ணினதும் இந்தத் தண்ணீர் வழியில்தான். அந்தச் சதுப்பு, 1,247 ஹெக்டேர், 2022ல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற அங்கீகாரம். சந்தோஷம். அதே சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது.

10 ஜூலை

நேற்று விட்டது: சோழர் காலத்தில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழு வைத்திருந்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்றே இருக்கிறது. அதற்கு ஆள் எடுக்கக் குடவோலை. முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. அதற்குப் பின்னாலும் குடிமராமத்து என்ற பெயரில் ஊரே கூடித் தூர் எடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அது தளர்ந்துபோய், 1858ல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டுக் கரை காக்க ஆள் பிடித்தார்கள். ஊர் தானாகச் செய்ததைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலை அப்போதே வந்துவிட்டது.

ஆக மால் வந்துதான் ஊர் கெட்டது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

21 ஜூலை

ஆடி ஞாயிறு. கூழ் ஊற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்டவருக்கு: சத்தம் அதிகம்தான், நானும் குறைக்கச் சொல்கிறேன். ஆனால் ஒலிபெருக்கி இல்லை அங்கே பார்க்க வேண்டியது. கேழ்வரகு மாவை யார் வீட்டில் கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள், அடுப்பு எந்த முனையில் மூட்டுகிறார்கள், அம்மன் எந்தத் தெரு வரை போய்த் திரும்புகிறாள், இதைப் பாருங்கள். நத்தத்தை ஒட்டிய பழைய தெருக்களுக்குள் போகிறாள். ஒரு குறிப்பிட்ட முனைக்கு வந்ததும் தேங்காய் உடைத்துத் திரும்புகிறார்கள். அந்த முனையில் இப்போது மருந்துக்கடை. ஏன் அங்கே என்று தூக்கிக்கொண்டு போகிற பையன்களுக்குத் தெரியாது. "அங்கேதான் திரும்பணும்" என்பது மட்டும் தெரியும். அங்கேதான் ஊர் முடிந்து வயல் தொடங்கியது. அளவைக் கல் எல்லாம் பிடுங்கிப்போன பிறகும் எல்லையை அம்மன் வைத்திருக்கிறாள். என் தொழிலில் இதைவிட நம்பகமான எல்லைக்குறியை நான் பார்த்ததில்லை.

கூழுக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் விடுதிப் பிள்ளைகள். தெலுங்கு பேசினார்கள், இந்தி பேசினார்கள். முருங்கைக்கீரைப் பொரியலைக் கேட்டு வாங்கினான் ஒருவன். அதுவும் எனக்குச் சந்தோஷம்.

23 ஜூலை

முந்தைய குறிப்பைத் திரும்ப வாசித்தேன். அம்மன் போகிற தெருவைச் சொன்னவன் போகாத தெருவைச் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும்.

எல்லா ஊரும் இரண்டாக இருந்தது, ஊர் என்றும் சேரி என்றும். நத்தம் நில வரைபடத்திலேயே அது தனித்தனியாகத்தான் தெரியும், நடுவில் வயலோ வாய்க்காலோ கிடக்கும். மதகு திறந்தவர், இரவில் கரையில் காவல் கிடந்தவர், மழையில் உடைப்பை அடைத்தவர் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்கள். ஏரியால் விளைந்தது இந்தப் பக்கத்துக்கு. "அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாக இருந்தது" என்று பெருமூச்சு விடுகிறவர்களை நான் கேட்பது, எந்தத் தெருவின் ஒற்றுமை என்றுதான்.

எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் தனி இடம் உண்டு. 1891ல் இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் பிறகு 1892ல் அந்த மக்களுக்கு அரசு நிலம் கொடுக்க வந்ததுதான் பஞ்சமி நில ஒப்படைப்பு. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. எவ்வளவு கைமாறிப் போயிற்று என்று நகர ஓரத்தில் அளவை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

சேரியில் பிறந்த என் நண்பன் சொல்வான், "உங்க ஊர் அழிஞ்சதுல எனக்கு ஒரு லாபம், டீக்கடைல இப்ப எல்லாருக்கும் ஒரே கிளாஸ்." அவன் சொல்வதை எப்படி மறுப்பது? மறுக்க வேண்டியதும் இல்லை. அதே நண்பன்தான் மேய்க்கால் போனதற்கு என்னைவிட அதிகமாகக் கோபப்படுகிறவன். பட்டா வைத்திருந்தவன் வயலை மனையாக்கி விற்றுப் பணமாக்கிக்கொண்டான். மாடு மேய்த்தவனுக்கும், சதுப்பில் கோரை அறுத்தவனுக்கும், ஏரியில் மீன் பிடித்தவனுக்கும் விற்க ஒன்றுமில்லை. பொதுநிலம் போனபோது அவர்கள் வீட்டு வருமானம் போயிற்று. நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளை மறுபடியும் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தண்ணீர் தேங்குகிற பக்கமே கொண்டுவந்து அடுக்குமாடியில் வைத்ததையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

4 ஆகஸ்ட்

மாம்பலத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "நூறு வருடத்துக்கு முன்னாலேயே எங்களுக்கு இது நடந்துவிட்டது."

உண்மை. நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் வரை நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. 1920களில் அதை வற்றவைத்து எழுப்பியதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சி ஆட்சிக்காலம், அதனால்தான் பனகல் பூங்கா, உஸ்மான் சாலை என்று அந்தக் கட்சித் தலைவர்களின் பெயர்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க லேக் இல்லை. வள்ளுவர் கோட்டம் 1976ல் எழுந்ததும் அந்த ஏரித் தரையில்தான்.

மாம்பலத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கையும் வருகிறது. கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சந்துகளில் இன்றைக்கும் ஒரு ஊரின் முகவெட்டு இருக்கிறது. காய்கறிக்காரர் இன்னார் வீட்டு மருமகள் என்று தெரிந்து கத்தரிக்காய் எடுத்துக் கொடுக்கிறார். ஏரி போய் நூறு வருடம் ஆன பிறகும் இவ்வளவு மிஞ்சுகிறது. ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளைக் கேளுங்கள், ஏரி எங்கே இருந்தது என்று அவை சொல்லும்.

15 ஆகஸ்ட்

இன்று தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை. எங்களுக்கு இல்லை, நாங்கள் மாநகராட்சி.

வேளச்சேரி முன்பே நகரத்துக்குள் வந்துவிட்டது. 2011ல் இன்னும் 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன: 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை 426 ஆயிற்று. மடிப்பாக்கம், ஜல்லடியன்பேட்டை, நீலாங்கரை, காரப்பாக்கம் எல்லாம் ஒரே நாளில் ஊராட்சி இல்லாமல் போயின. அதற்கு முந்தைய வருடம் வரை அங்கே ஒரு பெண் எழுந்து நின்று "எங்க தெருக் குழாய்ல தண்ணி வரல, தலைவர் பதில் சொல்லட்டும்" என்று கேட்க முடிந்தது. சட்டம் கொடுத்த கூட்டம் அது. அதன் பிறகு 2016 முதல் 2022 வரை மாநகராட்சிக்குத் தேர்தலே நடக்காததால் கவுன்சிலரும் இல்லை. கேட்க ஆள் இல்லாத அந்த வருடங்களில் எத்தனை வாய்க்கால் குறுகியது என்று அளந்தவன் என்ற முறையில் எனக்கு இன்றும் ஆத்திரம்.

2022 நவம்பரில் பகுதி சபை என்று தொடங்கினார்கள். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டுவது. நான் போனேன். கூட்டம் குறைவு. வந்தவர்கள் தெருவிளக்கு, குப்பை வண்டி என்று பேசினார்கள், தேவையானவைதான். ஒரு பெரியவர் எழுந்து உபரிநீர்க் கால்வாயின் அகலம் பழைய படத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டார். அதிகாரி குறித்துக்கொண்டார். அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது அந்த அறையில் ஊர் இருந்தது.

ஊரின் குணம் என்று நான் நினைப்பதை இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடு, திண்ணை, கோயில் எல்லாம் அதன் அடையாளங்கள். குணம் என்பது பொதுவானதைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம் இருப்பது. அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை, அதைத்தான் 23ஆம் தேதி எழுதினேன். இனி அமைகிற கூட்டத்தில் இருக்க வேண்டும்.

16 ஆகஸ்ட்

"அப்படியானால் ஊராட்சியே திரும்ப வேண்டுமா" என்று ஒரு கேள்வி. இல்லை, பழையபடி ஊராட்சி வேண்டும் என்று சொல்லவில்லை. மனைப்பிரிவுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் கொடுத்த ஊராட்சிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016ல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது எதனால்?

15 அக்டோபர்

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் படம் பார்த்துச் சிரிக்கிறார்களாம். கார் நிறுத்தியவர்கள் 2015 டிசம்பரில் காரும் பைக்கும் மூழ்கிப்போன தெருக்களில் குடியிருக்கிறவர்கள். அப்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேறு. சிரிக்க ஒன்றும் இல்லை.

அளவைக்காரன் கண்ணில் படுவது இதுதான்: எந்தக் கிராமத்திலும் நத்தம் மேட்டில் இருக்கும், வயல் தாழ்வில் இருக்கும். 2015ல் எங்கள் பழைய தெருவில் தண்ணீர் முழங்காலோடு நின்றது. ராம் நகரிலும் ஏ.ஜி.எஸ். காலனியிலும் தரைத்தளமே தண்ணீருக்குள். மேடு எது என்று முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று வண்டி நிறுத்த ஊரில் மிச்சமிருக்கும் மேடு மேம்பாலம். களத்துமேடும் மேய்க்காலும் இருந்திருந்தால் அங்கே நிறுத்தியிருப்பார்கள்.

15 அக்டோபர், இரவு

செல்லியம்மன் கோயில் பக்கத்து இளைஞர்கள் டிராக்டர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் யாராவது தரைத்தளத்தில் தனியாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

27 அக்டோபர்

மடிப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கப் போகிறவர் தன் சர்வே எண் பட்டாவில் நன்செய் என்று இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறார். ஏரியை வாங்குகிறோமோ என்று கேட்கிறார்.

நன்செய் என்றால் ஏரி இல்லை, ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல். முறைப்படி மனைப்பிரிவு ஒப்புதல் வாங்கியிருந்தால் சட்டத்தில் சிக்கல் இருக்காது. ஆனால் தாழ்ந்த இடம், தண்ணீர் வரும் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள். 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எடுக்கலாம். உங்கள் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். பக்கத்தில் வாய்க்கால் என்று போட்ட எண் இருந்தால் நேரில் போய் அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சுற்றுச்சுவருக்குள் இருந்தால் அந்த ஃபிளாட் வேண்டாம். வாய்க்கால் திறந்தே இருந்தால் அகலத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், குடியேறின பிறகு பகுதி சபையில் முதல் கேள்வியாக அதைக் கேட்கலாம். பழைய மதகு எங்கே இருந்தது என்று கீரை விற்கும் அம்மாக்களிடம் விசாரியுங்கள், பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

புலப்படத்தில் கோடுகள் புரியவில்லை என்றால் சர்வே எண்ணை எழுதுங்கள். வாசித்துச் சொல்கிறேன்.